கோயிலுக்கு ஒரு சிறிய எரியுலை வாங்கலாமா? பெரிய எரியுலைகளின் உள்ளே நடப்பது என்ன?

சிரியம்வாசி:

அனைவருக்கும் வணக்கம். பர்மாவில் உள்ள எங்கள் ஊர் அம்மன் கோயிலில் திருவிழா அன்னதானம் முடிந்ததும் வாழை இலை, பூமாலை, தேங்காய் ஓடு, நுரைப்பெட்டி, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் மலையாகக் குவிந்துவிடுகின்றன. இதுவரை அவற்றைப் பின்புறக் கொல்லையில் போட்டுக் கொளுத்தி வந்தோம். பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பத்தார் புகையைப் பற்றி மரியாதையாக, ஆனால் உறுதியாக முறையிட்டிருக்கிறார்கள். இந்நிலையில் 'புகை வராத எரியுலை' என்ற பெயரில் விற்கப்படும் இரும்புப் பெட்டி ஒன்றை நன்கொடையாக வாங்கித் தர அன்பர் ஒருவர் முன்வந்திருக்கிறார். அதில் மின்சாரத்தில் ஓடும் சிறு காற்றூதியும், ஓர் ஆள் உயரத்துக்குப் புகைக்குழாயும் உள்ளன; உள்ளே 800 பாகை வரை சூடேறும் என்று விற்பவர் சொல்கிறார்.

ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் நகரக் குப்பை முழுவதையும் எரிக்கிறார்களே, அதன் சிறிய வடிவம்தானே இது என்று நிர்வாகக் குழுவில் பலர் கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பெரிய உலைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை விளக்கினால், வருகிற கூட்டத்தில் நான் அச்சமில்லாமல் பேச முடியும்.

பாய்லர் தம்பி:

ஐயா, வணக்கம். யாங்கோனில் பிறந்த நான் இப்போது சிங்கப்பூரில் ஓர் எரியுலை நிலையத்தின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எரியுலை என்றதும் எல்லோருக்கும் நெருப்புதான் நினைவுக்கு வருகிறது. நிலையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தால் நெருப்பு எரியும் இடம் அதில் ஒரு சிறு பகுதிதான். மிச்சமெல்லாம் குப்பையை நெருப்புக்குப் பக்குவப்படுத்தவும், நெருப்பிலிருந்து வெளிவரும் வாயுவை ஆறவைத்துச் சுத்தம் செய்யவும் கட்டப்பட்டவை.

லாரிகள் குப்பையை நேரே உலையில் கொட்டுவதில்லை. பல மாடி ஆழமுள்ள கான்கிரீட் குழியில்தான் கொட்டுகின்றன. குழிக்கு மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் கிரேன் ஓட்டுநர், பிரம்மாண்டமான இரும்பு நகங்களால் குப்பையை அள்ளி, உயரத்திலிருந்து மறுபடியும் குழிக்குள்ளேயே உதிர்த்துக் கலந்துகொண்டே இருப்பார். சந்தைக் கழிவும் அலுவலகக் காகிதமும் வெவ்வேறு லாரிகளில் வருவதால், கலக்காமல் போட்டால் உலை ஒரு நேரம் திணறும், ஒரு நேரம் கொதிக்கும். ஈரக் குப்பையை அள்ளும்போது நகங்களின் இடுக்கில் கறுப்பு நீர் சரம் சரமாக ஒழுகும். அதைக் கண்டால் அனுபவமுள்ள ஓட்டுநர் அந்தப் பிடியை உலைவாயில் போடாமல், குழியின் மறுமூலையில் வடியவிட்டு, சில நாள் கழித்துத்தான் எடுப்பார். அவருக்குக் கிடைக்கும் சம்பளம் அவருடைய கைப்பக்குவத்துக்குக் குறைவு என்பது என் கருத்து, அது வேறு கதை.

உலைக்குத் தேவையான காற்று இந்தக் குழிக் கூடத்திலிருந்தே உறிஞ்சப்படுகிறது. அதனால் கூடத்தின் உள்ளே காற்றழுத்தம் சற்றுக் குறைந்தே இருக்கும். கதவு திறந்தால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர நாற்றம் வெளியே வராது. நாற்றத்தோடு கூடிய அந்தக் காற்று நெருப்புக்குள் போய் எரிந்துவிடுகிறது.

உலையின் தரை, சாய்வாக அடுக்கிய இரும்புக் கிராதி. அதன் சட்டங்கள் மெதுவாக முன்னும் பின்னும் அசைந்து குப்பையைப் புரட்டிப் புரட்டி இறக்குகின்றன. மேல்பகுதியில் குப்பை காய்கிறது, நடுவில் தீப்பிடித்து எரிகிறது, அடியில் மிச்சக் கரியும் எரிந்து சாம்பலாகித் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது. இந்தப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் அளவுக்கு ஆகும். கிராதிக்கு அடியிலிருந்து முதல் காற்றும், தீநாக்குக்கு மேலே பக்கச் சுவர்களிலிருந்து வேகமாக இரண்டாம் காற்றும் ஊதப்படுகின்றன. குப்பையிலிருந்து கிளம்பும் வாயுக்கள் முழுமையாக எரிவது இந்த இரண்டாம் காற்றால்தான். அந்தக் காற்றுக்குப் பிறகு வாயு குறைந்தது 850 பாகை செல்சியஸில் குறைந்தது 2 நொடி இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. குளோரின் சேர்ந்த அபாயக் கழிவு அதிகமானால் 1,100 பாகை. தங்கள் பெட்டி 800 பாகைக்குச் சூடேறுவது உண்மையாகவே இருக்கட்டும். ஆள் உயரக் குழாயில் ஏறும் வாயு அந்தச் சூட்டில் எத்தனை நேரம் தங்கும் என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஷ்வேபியிதாக்காரன்:

அண்ணன் சொன்ன அமைப்பு நம் யாங்கோனிலேயே இருக்கிறது என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறோம். ஷ்வேபியிதாவில் ஜப்பானின் ஜேஎஃப்இ நிறுவனம் கட்டிய நிலையம் 2017 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கரியமில வாயுக் குறைப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஜப்பானியத் திட்டத்தின் உதவியும் அதற்குக் கிடைத்தது. நாளொன்றுக்கு 60 டன் குப்பையை எரித்து, ஏறத்தாழ 700 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் அளவில் அது வடிவமைக்கப்பட்டது.

எரிக்கவே கூடாது என்று சொல்லக் கிளம்புபவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன். 2018 ஏப்ரலில் யாங்கோனின் லைங்தாயா பகுதியிலுள்ள தெய்ன்பின் குப்பைமேட்டில் பிடித்த தீ எத்தனை நாள் புகைந்தது என்பது அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் அடித்தாலும் மேலே அணையும், அடியில் மீத்தேன் கசியும் இடத்தில் மறுபடி பிடிக்கும். பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் மூச்சுவிட முடியாமல் தவித்தார்கள். குப்பையை நாம் எரிக்காவிட்டால் அது தானாகவே எரிகிறது, அதுவும் மிக மோசமான முறையில். ஒழுங்காகக் கட்டிய உலையில் எரிப்பது அதைவிட ஆயிரம் மடங்கு மேல் என்பதே என் எண்ணம்.

பெகு உமி ஆலை:

தம்பி ஷ்வேபியிதாக்காரரின் கணக்கை இன்னும் சற்று நீட்டிப் பார்க்கலாம். யாங்கோனில் நாளொன்றுக்குச் சேரும் குப்பை இரண்டாயிரம் டன்னுக்கு மேல். அதில் 60 டன் என்பது நூற்றுக்கு மூன்றுகூட ஆகாது. அது ஒரு குறையல்ல, தொடக்கம்தான். இருந்தாலும் தெய்ன்பின்னுக்கு அது மாற்றாக இருந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

நான் அரிசி ஆலையில் உமி எரிக்கும் கொதிகலனோடு காலம் கழித்தவன். எரிப்பு என்பது கடைசியில் தண்ணீரோடு நடக்கும் சண்டை. மாரிக்காலத்தில் ஈர விறகை அடுப்பில் வைத்த வீட்டுக்காரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை: விறகின் சூட்டில் பாதி அதன் ஈரத்தைத் துரத்தவே செலவாகிவிடும். கணக்காகவே பார்ப்போம். ஒரு கிலோ குப்பையில் 600 கிராம் நீர், 150 கிராம் சாம்பலாகும் மண்ணும் கல்லும், மீதி 250 கிராம் எரியும் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எரியும் பொருள் கிலோவுக்கு 19 மெகாஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) தரும் என்றால் 4.75 மெகாஜூல் கிடைக்கும். 600 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 1.5 மெகாஜூல் போய்விடும். மிஞ்சுவது 3 மெகாஜூலை ஒட்டியது. அதே குப்பையில் நீர் 450 கிராமாகக் குறைந்து எரியும் பொருள் 400 கிராம் ஆனால், மிஞ்சுவது 6.5 மெகாஜூல். ஈரம் கால்பங்கு குறைந்தால் கையில் நிற்கும் சூடு இரட்டிப்பாகிறது.

உலக வங்கி 1999-ல் வெளியிட்ட வழிகாட்டியில், எரியுலைக்கு வரும் குப்பையின் ஆண்டுச் சராசரி கிலோவுக்கு 7 மெகாஜூல் இருக்க வேண்டும், எந்தப் பருவத்திலும் 6-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே மே மாதம் முதல் அக்டோபர் வரை கொட்டும் நம் மழையை வைத்துத்தான் உலையை மதிப்பிட வேண்டும். பங்குனி வெயிலில் காய்ந்த குப்பையை வைத்து மதிப்பிடக் கூடாது. டெல்லியில் திமார்பூர் என்ற இடத்தில் 1987-ல் டென்மார்க் நிறுவனம் ஒன்று நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் உலையைக் கட்டியது. 3.75 மெகாவாட் மின்சாரம் வரும் என்றார்கள். ஈரமும் மண்ணும் நிறைந்த குப்பை தானாக எரியாமல், மூன்று வாரமளவே ஓடி நின்றுபோனது. உலையில் குறையில்லை, ஐரோப்பியக் குப்பைக்காகப் போட்ட கணக்கு டெல்லிக் குப்பைக்குப் பொருந்தவில்லை.

ஷ்வேபியிதா நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 டன் என்றால் மணிக்கு இரண்டரை டன். கிலோவுக்கு 6 மெகாஜூல் என்று கொண்டால் உள்ளே போகும் வெப்பம் 4 மெகாவாட்டுக்குச் சற்று மேல்; வெளியே வரும் மின்சாரம் 0.7. ஆறில் ஒரு பங்கு. அதிலும் காற்றூதிகளும் பம்புகளும் கிரேனும் தின்றது போகத்தான் மிச்சம்.

பாய்லர் தம்பி:

பெரியவர் சொன்ன அந்த 'ஆறில் ஒரு பங்கு' ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கு இன்னொரு காரணத்தையும் சேர்க்கிறேன். உலை சிறியது என்பது ஒன்று. குப்பையில் இருக்கும் உப்பும் பிளாஸ்டிக்கும் எரியும்போது குளோரின் கிளம்பிக் கொதிகலன் குழாய்களை அரிப்பது மற்றொன்று. நிலக்கரி நிலையங்களில் நீராவியை 540 பாகை அளவுக்குச் சூடாக்குகிறார்கள். குப்பை நிலையங்களில் 400 பாகை, 40 பார் அழுத்தம் என்ற அளவோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போனால் குழாய் தேயும். நிறுத்தப் பராமரிப்பின்போது குழாயின் தடிமனை அளவுக்கருவியால் புள்ளி புள்ளியாக அளந்து சாக்கட்டியால் எண் எழுதுவது எங்கள் வேலை. சாம்பல் படிந்த மேற்பரப்பைச் சுரண்டினால் உள்ளே இரும்பு செதில் செதிலாக உரிந்து நிற்கும் இடங்கள் உண்டு.

மோல்மேன் ஆசிரியை:

வேதியியல் கற்பிக்கிறவள் என்ற உரிமையில் புகையைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் கோயில் விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான்.

ஒரு டன் குப்பையை எரித்தால் 5,000 முதல் 6,000 கன மீட்டர் வாயு வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதி நைட்ரஜனும் நீராவியும் கரியமில வாயுவும். மீதியில்தான் எல்லாத் தொல்லையும் இருக்கிறது. ஹைட்ரஜன் குளோரைடு, கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பாதரச ஆவி, ஈயமும் கேட்மியமும் ஒட்டிய நுண்தூள், இவற்றோடு டையாக்சின் என்னும் குளோரின் சேர்ந்த கரிமச் சேர்மங்களின் குடும்பம். 1976-ல் இத்தாலியின் செவேசோ ஊரில் நடந்த ஆலை விபத்துக்குப் பிறகுதான் டையாக்சின் என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரியவந்தது.

டையாக்சினின் குணம் விசித்திரமானது. 850 பாகைக்கு மேல் போதிய ஆக்சிஜனோடு இருந்தால் அது சிதைந்துவிடும். ஆனால் அந்த வாயு ஆறும்போது, 200-க்கும் 450-க்கும் இடைப்பட்ட பாகைகளில், பறக்கும் சாம்பலில் உள்ள கரித்துகளும் குளோரினும் செம்பும் சேர்ந்து அதைப் புதிதாக உண்டாக்கிவிடுகின்றன. ஆகவே உலை எவ்வளவு சூடாக எரிகிறது என்பது மட்டும் போதாது. ஆறும் வாயு அந்த இடைவெளியை எவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்பதும் முக்கியம். பிறகு வாயுவில் சுண்ணாம்புத் தூளையும் செயலூட்டிய கரித்தூளையும் தூவுகிறார்கள். சுண்ணாம்பு அமிலங்களைப் பிடிக்கிறது. கரி பாதரசத்தையும் டையாக்சினையும் உறிஞ்சுகிறது. இரண்டும் நூற்றுக்கணக்கான நீண்ட துணிப்பைகளின் வெளிப்புறத்தில் படிந்து, வாயு மட்டும் வடிகட்டப்பட்டுப் புகைபோக்கிக்குப் போகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு உலையின் மேற்பகுதியிலேயே அமோனியா அல்லது யூரியா கரைசலைத் தெளிப்பார்கள். இவ்வளவும் செய்த பிறகு டையாக்சினுக்கு ஐரோப்பா விதித்த வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம், ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இப்போது அந்த இரும்புப் பெட்டியைப் பாருங்கள். சுண்ணாம்பு இல்லை, கரி இல்லை, துணிப்பை இல்லை. வாயு ஆள் உயரக் குழாயில் ஏறும்போதே ஆறுகிறது. காற்றூதி நன்றாக ஓடினால் கரிப்புகை குறையும், அதனால் கண்ணுக்குப் புகை தெரியாது, பக்கத்து வீட்டாரும் முறையிட மாட்டார்கள். ஹைட்ரஜன் குளோரைடுக்கும் பாதரச ஆவிக்கும் நிறமே கிடையாது. பிவிசி என்னும் பிளாஸ்டிக்கின் எடையில் பாதிக்கு மேல், அதாவது 57 விழுக்காடு, குளோரின். பந்தலில் கட்டும் பளபளப்புத் தோரணங்கள் பல அந்த வகையைச் சேர்ந்தவை.

ஷ்வேபியிதாக்காரன்:

அம்மா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் திறந்தவெளியில் கொளுத்துவதைவிடப் பெட்டி மேல்தானே? நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு அந்தி நேரத்தில் பிளாஸ்டிக்கைக் கொளுத்துகிறார்கள். முழுமையான உலை வரும்வரை காத்திருப்பதென்றால் அதுவரை இந்தப் புகையைத்தான் சுவாசிக்க வேண்டும்.

மோல்மேன் ஆசிரியை:

கேள்வி நியாயமானதுதான், தம்பி. திறந்தவெளித் தீயோடு ஒப்பிட்டால் காற்றூதி உள்ள பெட்டி கரிப்புகையையும் கார்பன் மோனாக்சைடையும் குறைக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விளைவுகளை எண்ணிப் பாருங்கள். பெட்டி வந்துவிட்டால் இப்போது திருவிழாவுக்கு மட்டும் எரிப்பவர்கள் வாரந்தோறும் எரிப்பார்கள், அக்கம்பக்கத்துக் குப்பையும் அதைத் தேடி வரும். அடுத்தது மின்சாரம். பெரிய நிலையங்களில் முதலில் டீசல் எரிப்பான்களால் உலையை 850 பாகைக்கு ஏற்றிய பிறகே குப்பையை உள்ளே விடுகிறார்கள். சூடு குறைந்தால் எரிப்பான் தானாகவே பற்றிக்கொள்ளும், மின்தடை வந்தால் அவசர ஜெனரேட்டர் காற்றூதியைக் காப்பாற்றும். ஏனென்றால் தொடங்கும் நேரமும் நிறுத்தும் நேரமும்தான் மிக மோசமான வாயு வெளியேறும் நேரங்கள். கோயில் பெட்டிக்கு எரிக்கும் ஒவ்வொரு நாளும் தொடக்கமும் நிறுத்தமும்தான். நம் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? பாதி எரிந்த நுரைப்பெட்டிகளோடு காற்றூதி நின்றால், அது மூடி போட்ட குப்பைமேடு.

சிரியம்வாசி:

மிக்க நன்றி. மின்தடை பற்றி நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. இன்னும் ஒரு சந்தேகம்: எரிந்தபின் மிஞ்சும் சாம்பலைக் கோயில் நந்தவனத்துக்கு உரமாகப் போடலாம் என்று ஓர் உறுப்பினர் சொல்கிறார். உமிச் சாம்பலை வயலில் போடுவதுபோல்தானே?

பெகு உமி ஆலை:

சாம்பல் என்றதும் நமக்குத் திருநீறு நினைவுக்கு வந்துவிடுகிறது, அதுதான் சிக்கல். உமிச் சாம்பலில் பெரும்பகுதி மணல்சத்தான சிலிக்கா; அது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். கலப்புக் குப்பைச் சாம்பலில் பேட்டரியும் வண்ணப்பூச்சும் சரிகையும் விட்டுச்சென்ற ஈயமும் கேட்மியமும் இருக்கும். அந்த நந்தவனத்தில் துளசியும் கீரையும் வளர்ப்பீர்கள் என்றால் கட்டாயம் வேண்டாம்.

பாய்லர் தம்பி:

எங்கள் நிலையத்தில் இரண்டு சாம்பலையும் தனித்தனியே கையாளுகிறோம். கிராதியிலிருந்து விழும் அடிச்சாம்பல், பொதுவாகக் குப்பையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால்பங்கு வரை இருக்கும்; காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுக்கிறோம். துணிப்பையில் சேரும் பறக்கும் சாம்பல் எடையில் மிகக் குறைவு, ஆனால் வாயுவிலிருந்து பிடித்த நஞ்செல்லாம் அதில்தான் குவிந்திருக்கிறது. பையை மாற்றும்போது முழு உடுப்பும் முகமூடியும் போடாமல் யாரையும் அருகே விடுவதில்லை. கடைசியில் சாம்பல் படகில் ஏறி, 1999-ல் திறக்கப்பட்ட செமக்காவ் தீவுக் குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. எரித்தால் குப்பை மறைந்துவிடும் என்பவர்கள் அந்தப் படகை ஒருமுறை பார்க்க வேண்டும். கன அளவு பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது என்பது உண்மை. இடமில்லாத தீவுக்கு அது பெரிய வரம். தங்கள் கோயிலுக்கு அந்த நெருக்கடி இல்லை.

சிரியம்வாசி:

குழுவில் வைக்கப்போகும் யோசனையை இங்கே சொல்கிறேன், குறை இருந்தால் திருத்துங்கள். பெட்டிக்கான நன்கொடையைக் கொண்டு எவர்சில்வர் தட்டும் தம்ளரும் வாங்குவது, நுரைப்பெட்டியை நிறுத்துவது, பாட்டில்களைப் பழையபொருள் வாங்குபவரிடம் கொடுப்பது, தோரணம் போன்ற மீதியை நகரசபை வண்டியில் போடுவது. இலையும் பூவும் மட்டும் பாக்கி. உமி ஆலை ஐயா, தங்களைப் போன்றவர்களின் கொதிகலனில் காய்ந்த வாழை இலையையும் தேங்காய் ஓட்டையும் போட்டு எரிக்க முடியுமா? இங்கே பக்கத்தில் ஓர் ஆலை இருக்கிறது.

பெகு உமி ஆலை:

தேங்காய் ஓட்டைத் தாராளமாகக் கொடுங்கள். காய்ந்த ஓடு உமியைவிட நன்றாக எரியும், எந்த ஆலைக்காரரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். வாழை இலையை வாங்க மாட்டார்கள். அது எரியாது என்பதற்காக அல்ல. வாழையில் பொட்டாசியம் மிகுதி. உமியின் சிலிக்காவோடு அது சேர்ந்தால் சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகிக் கண்ணாடிக் கட்டியாகக் கிராதியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு உலையை அணைத்துக் கடப்பாரையால்தான் பெயர்க்க வேண்டும். அதே பொட்டாசியம் மண்ணுக்கு நல்ல உணவு. இலையைத் துண்டு துண்டாக நறுக்கி, மாலைகளிலிருந்து பிளாஸ்டிக் நூலை உருவிவிட்டு, சாணமும் உமியும் மாறி மாறிப் போட்டுக் குழியில் அடுக்குங்கள். மழைக்காலத்தில் மேலே ஒரு தகரக் கூரை அவசியம். தண்ணீர் தேங்கினால் அழுகல் நாற்றம் வந்து, பக்கத்து வீட்டார் மறுபடியும் வாசலில் வந்து நிற்பார்கள். வாரம் ஒருமுறை கிளறிவிட ஓர் ஆளை முன்கூட்டியே பேசி வையுங்கள், திருவிழா முடிந்த களைப்பில் அந்த வேலைக்கு யாரும் கையைத் தூக்க மாட்டார்கள்.